ஐ:3/5 என்ற முகவரியும் உங்கள் முதல் வேலையும்

பயிற்சி நிலையத்தில் புதிய மென்பொருளில் பிஎல்சி (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) கற்றுத் தேர்ந்த நீங்கள், அப்ரெண்டிஸாகச் சேர்ந்த ஆலையில் ஓடும் ஆலன்-பிராட்லி எஸ்எல்சி 500 என்ற பழைய பிஎல்சியின் லேடர் புரோகிராம் (ஏணிப் படிகள்போல் வரையப்படும் கட்டளைகள்) ஒரு வரிகூடப் புரியவில்லை என்றும், இந்தப் பழைய கருவியோடு மல்லுக்கட்டுவதைவிட இன்னொரு கோர்ஸில் சேர்ந்துவிடலாமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்குச் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்குக் குறையாக இருப்பது இன்புட்டின், அதாவது சென்சார், பட்டன் போன்றவற்றிலிருந்து பிஎல்சிக்கு வரும் சிக்னலின், முகவரியைப் படிக்கும் பழக்கம் மட்டுமே. அதைக் கற்றுக்கொள்ள நீங்கள் இப்போது நிற்கும் பேனலைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

நீங்கள் கற்ற மென்பொருளில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். எஸ்எல்சி 500-இன் பிராசஸரோ புரோகிராமை மட்டுமே வைத்திருக்கும். பெயர்களும் குறிப்புகளும் அதை எழுதியவரின் கணினிக் கோப்பில் தங்கிவிடும். அந்தக் கோப்பு தொலைந்துபோன ஆலையில் பிராசஸரிலிருந்து அப்லோட் செய்தால் வெறும் முகவரிகளே வரும். பல ஆண்டுகள் அனுபவமுள்ளவரும் அங்கே வயரிங் வரைபடத்தைத் தேடித்தான் போவார்.

ஐ:3/5 என்பதில் ‘ஐ’ இன்புட்டையும், 3 அந்த இன்புட்டைப் பெறும் மாட்யூல் (செருகு அட்டை) அமர்ந்திருக்கும் ஸ்லாட்டையும், 5 அதில் வயரை இணைக்கும் டெர்மினலையும் குறிக்கின்றன. மாட்யூல்களைச் செருகும் சட்டமான ராக்கின் இடது ஓரத்தில் பிராசஸர் இருக்கும் இடமே ஸ்லாட் 0 என்பதால், அதற்கு வலப்புறம் மூன்றாவதாக உள்ள மாட்யூலைத் திறந்து 5 எனக் குறித்த டெர்மினலில் வரும் வயரைப் பின்தொடர்ந்தால், அது ஒரு லிமிட் சுவிட்ச்சிலோ ப்ராக்ஸிமிட்டி சென்சாரிலோ போய் முடியும். சென்சாரின் விளக்கு எரிந்தும் மாட்யூலில் 5-ஆம் விளக்கு எரியாவிட்டால், முதலில் வயரையும் காமன் இணைப்பையும் (பல இன்புட்டுகளுக்குப் பொதுவான மின் இணைப்பு) பாருங்கள். இரண்டும் எரிந்தும் லேப்டாப் திரையில் அந்த இன்புட்டின் பிட் (0 அல்லது 1 என்று காட்டும் நிலை) 1 ஆகவில்லை என்றால், மாட்யூலையும் ஸ்லாட் அமைப்பையும் சந்தேகிக்க வேண்டும். நள்ளிரவு ஷிஃப்டில் இயந்திரம் நின்றுபோகும்போது இப்படிப் பிரித்துப் பார்ப்பவரைத்தான் மேலாளர்கள் நினைவில் வைக்கிறார்கள்.

ஸ்டாப் பட்டன் பலரைக் குழப்பும். வயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும் என்பதற்காக அதை என்சி தொடர்பாக (அழுத்தாதபோது மூடியிருந்து மின்சாரம் செல்லவிடும் தொடர்பு) இணைக்கிறார்கள். ஆகவே யாரும் அழுத்தாதபோது அந்த இன்புட் 1 ஆகவே இருக்கும், லேடரிலும் அது திறந்த தொடர்பின் குறியோடுதான் வரையப்பட்டிருக்கும். குறியைப் பார்த்து வயரிங்கை ஊகிக்காதீர்கள்.

வேறு நிறுவனங்களின் கருவிகளில் எண்ணும் முறையே மாறும். மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வரிசையில் இன்புட்டுகள் எட்டடிமான முறையில் (8, 9 என்ற இலக்கங்கள் இல்லாமல்) எண்ணப்படுவதால் எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10. எக்ஸ்8-ஐத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆலன்-பிராட்லியின் பழைய பிஎல்சி-5 வரிசையிலும் பிட் எண்கள் இப்படியே 07-இலிருந்து 10-க்குத் தாவும். சீமென்ஸ் எஸ்7-300-இல் முதல் மூன்று ஸ்லாட்டுகள் மின்வழங்கி, சிபியு, இணைப்பு மாட்யூல் ஆகியவற்றுக்கு உரியவை. நான்காவது ஸ்லாட்டின் டிஜிட்டல் இன்புட் இயல்பாக ஐ 0.0-இலும், ஐந்தாவதினுடையது ஐ 4.0-இலும் தொடங்கும். பல சிபியுக்களில் இந்த முகவரிகளை மாற்ற முடியும் என்பதால், ஹார்டுவேர் அமைப்பைத் திறந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

மூத்தவரின் அனுமதியோடு, இயந்திரத்தின் நகரும் பகுதிகளுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிய பிறகு, ஒவ்வொரு சென்சாராக இயக்கி எந்த விளக்கு எரிகிறது, எந்த பிட் மாறுகிறது என்று ஒரு நோட்டில் பட்டியலிடுங்கள். ஓடும் இயந்திரத்தில் எந்த இன்புட்டையும் ஃபோர்ஸ் செய்து (லேப்டாப்பிலிருந்து வலிந்து 0 அல்லது 1 ஆக்கி) பார்க்க வேண்டாம். அந்த விளையாட்டில் கை போனவர்கள் உண்டு. பட்டியல் முடிந்ததும் அதன் பிரதியை மெயின்டனன்ஸ் பொறியாளரிடம் கொடுங்கள், பயோடேட்டாவிலும் ‘குறிப்புகள் இல்லாத எஸ்எல்சி 500 புரோகிராமுக்கு இன்புட் பட்டியல் தயாரித்தேன்’ என்று எழுதுங்கள். புதிய கோர்ஸைப் பற்றி அப்ரெண்டிஸ் காலம் முடியும் தறுவாயில், ஆலை எந்தக் கருவிக்கு மாறப்போகிறது என்பதைக் கேட்டறிந்த பின் பேசிக்கொள்ளலாம்.