பிலிப்பினோக்கள் உலகம் முழுக்க வேலை பார்த்துப் பணம் அனுப்பியும் அவர்கள் நாடு ஏன் இன்னும் பணக்கார நாடாகவில்லை?

கேள்வியின் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் குறிப்பையும் படித்தேன். உங்கள் ஆபீஸில் பாதிப் பேர் பிலிப்பினோக்கள், சம்பளம் வந்த அன்றே ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள், மிச்சத்தைப் பார்ட்டி, செல்போன், ஷாப்பிங் என்று கரைத்துவிடுகிறார்கள், சேமிக்கத் தெரியாததுதான் காரணமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அபுதாபியில் ஒரு கிளினிக்கில் பல வருஷம் கணக்கு வேலையில் இருந்தேன். நர்ஸ், லேப், ரிசப்ஷன் எல்லாமே பெரும்பாலும் பிலிப்பினோக்கள். சம்பள சர்டிஃபிகேட், அட்வான்ஸ், லீவு டிக்கெட் எதுவென்றாலும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். அதனால் யாருடைய பணம் எங்கே போகிறது என்று ஓரளவு தெரியும்.

அங்கே ஒரு மூத்த நர்ஸ். எல்லோரும் அவரை 'ஆத்தே' என்பார்கள், நம்மூர் அக்கா. இலோயிலோ மாகாணத்துக்காரர். சம்பளத்தன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொள்வார். அம்மாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரை முதல் வரி. அடுத்து தம்பியின் நர்சிங் காலேஜ் ஃபீஸ். கரண்ட் பில். 2013 புயலில் கூரை போனபோது வாங்கிய கடனின் தவணை. அக்கா மகளின் பள்ளிச் செலவு. சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்த மாதம் அதற்கு ஒரு வரி கூடும். தனக்கான பெட் ஸ்பேஸ் (பலர் பகிரும் அறையில் ஒரு கட்டில்) வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பக்கத்தின் அடியில் இருக்கும். ஒரு சின்ன அரசாங்கத்தின் பட்ஜெட்டைப் பார்ப்பது போல இருக்கும் அந்தப் பக்கம்: சுகாதாரம், கல்வி, மின்சாரம், பேரிடர் நிவாரணம், முதியோர் பென்ஷன்.

என் பதிலே இதுதான். அரசு செய்திருக்க வேண்டிய வேலைகளை அந்தப் பணம் செய்துகொண்டிருக்கிறது. பிலிப்பைன்ஸில் மருத்துவச் செலவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஜனங்கள் கைக்காசாகவே கொடுக்கிறார்கள். ஏழை முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகை வெகுகாலம் மாதம் 500 பெசோ. 2024-ல்தான் 1,000 ஆனது. ஆஸ்பத்திரிக்கும் வயதான காலத்துக்கும் போன பணம் தொழிற்சாலை கட்டாது. அதை அனுப்பியவர் மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது?

தொகை ஒன்றும் சின்னது கிடையாது. 2024-ல் வங்கிகள் வழியாக வந்தது மட்டும் சுமார் 3,450 கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ எட்டு சதவீதம். இந்தியாவுக்கு இதைவிடப் பல மடங்கு டாலர் வருகிறது, ஆனால் நம் பொருளாதாரத்தில் அது மூன்று சதவீதம் சொச்சம்தான். கேரளாவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பிலிப்பைன்ஸின் நிலை கொஞ்சம் பிடிபடும்.

இது தானாக நடந்ததும் இல்லை. 1973-ல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் கட்டட வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. மணிலாவில் வேலையில்லாத் திண்டாட்டம், டாலர் தட்டுப்பாடு. ராணுவச் சட்டத்தை வைத்து ஆண்டுகொண்டிருந்த ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் 1974-ல் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்தில் ஆள் அனுப்புவதை அரசின் திட்டமாகவே எழுதினார். நிலைமை சீராகும் வரை ஒரு தற்காலிக ஏற்பாடு என்றுதான் பேச்சு. அடுத்த வருஷம் போனவர்கள் சுமார் 36,000 பேர். இப்போது கப்பல் ஊழியர்களையும், லீவு முடிந்தோ ஒப்பந்தம் புதுப்பித்தோ மறுபடி போகிறவர்களையும் சேர்த்து ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல்.

பணம் வந்து சேர வேண்டும் என்பதில் அரசுக்கு இருந்த அக்கறை வேடிக்கையானது. 1982 கடைசியில் மார்க்கோஸ் ஓர் உத்தரவு போட்டார். சம்பளத்தில் பாதி முதல் எண்பது சதவீதம் வரை, வேலையைப் பொறுத்து, வங்கி வழியாக ஊருக்கு அனுப்பியே ஆக வேண்டும். இல்லையென்றால் பாஸ்போர்ட் புதுப்பிக்க முடியாது. ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்த பெண்கள் கொதித்துப்போய்ச் சங்கம் கட்டினார்கள். 1985-ல் அரசு தண்டனைப் பிரிவுகளை விலக்கிக்கொண்டது. கட்டாயம் போன பிறகும் பணம் வருவது குறையவில்லை. குடும்பங்களுக்கு அது தேவைப்பட்டதே, எப்படிக் குறையும்? 1988-ல் அதிபர் கொராசோன் அக்கினோ ஹாங்காங் போய் அதே பெண்களைப் 'புதிய வீரர்கள்' என்று புகழ்ந்தார். அந்தப் பட்டம் இன்றுவரை அரசியல் மேடைகளில் ஓடுகிறது.

அதே 1988-ல்தான் அவர் நிலச் சீர்திருத்தச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். ஆனால் அவர் குடும்பத்தின் சொந்தக் கரும்புப் பண்ணையான ஹசியெண்டா லூயிசித்தாவில் விவசாயிகளுக்கு நிலத்துக்குப் பதிலாகக் கம்பெனிப் பங்குதான் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிலத்தைப் பிரித்துக் கொடுக்க இறுதித் தீர்ப்புச் சொல்லும்போது 2012 ஆகிவிட்டது. கிராமத்துப் பையன் ஏன் கப்பல் ஏறுகிறான் என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

சரி, வெளியே ஆள் அனுப்பினாலே நாடு இப்படித்தான் ஆகுமா? தென்கொரியாவைப் பாருங்கள். 1960-களில் அவர்களும் நர்ஸ்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அப்போது பிலிப்பைன்ஸ் கொரியாவுக்குச் சளைத்த நாடும் இல்லை. 1966-ல் தொடங்கிய ஆசிய வளர்ச்சி வங்கிக்குத் தலைமையகம் தேடியபோது டோக்கியோவைத் தாண்டி மணிலாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கொரியாவில் அடுத்த பத்து வருஷத்துக்குள் கப்பல் தளமும் இரும்பு ஆலையும் எழுந்தன. போகப் போக, வெளியே போக வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மணிலாவில் உள்ளூர் வேலை உருவாகவில்லை, ஆள் அனுப்பும் ஏற்பாடு மட்டும் தங்கிவிட்டது.

ஏன் உருவாகவில்லை என்றால், என் கணக்கில் 1983-க்கும் 1993-க்கும் இடைப்பட்ட பத்து வருஷம்தான் பெரிய அடி. 1983-ல் கடனைக் கட்ட முடியாமல் நாடு கைவிரித்தது. 1984, 1985 இரண்டு வருஷமும் பொருளாதாரம் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறி, ஜப்பான் கம்பெனிகள் தங்கள் தொழிற்சாலைகளைத் தென்கிழக்கு ஆசியாவுக்கு நகர்த்தத் தொடங்கின. தாய்லாந்தும் மலேசியாவும் அள்ளிக்கொண்டன. மணிலாவில் அப்போது மார்க்கோஸ் ஓடியிருந்தார், அடுத்தடுத்து ராணுவக் கலக முயற்சிகள், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மணிக்கணக்கில் மின்வெட்டு. எவன் அங்கே போய் ஃபேக்டரி போடுவான்? போட்டிக்கான நேரம் அப்படியே கைநழுவியது. மின்வெட்டு பின்னால் சரியானது, ஆனால் மின்கட்டணம் இன்றும் தென்கிழக்கு ஆசியாவில் அதிகமானவற்றில் ஒன்று.

அப்புறம் அரிசி. நம்மூர் வயல்களில் பேர்போன ஐ.ஆர்.8 நெல் பிறந்தது மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பான்யோஸில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், 1966-ல். எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைவராக இருந்தார். அந்த நிலையம் இருக்கிற நாடு இன்று உலகிலேயே அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளில் முன்வரிசையில். தீவுத் தீவாகச் சிதறிய நிலம், புயல், பாசனக் குறை, வியட்நாம் அரிசியின் விலை எல்லாம் சேர்ந்த விஷயம் அது. அதற்குத் தனிப் பதிலே எழுத வேண்டும்.

வெளியிலிருந்து வரும் பணம் உள்ளூரில் எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க ஒரு மாலுக்குப் போனால் போதும். பணம் எடுக்கும் கவுண்டர் அங்கேயே. பாஸ்போர்ட் ஆபீஸ் அங்கே. ஞாயிறு பூசைகூட மாலுக்குள் நடக்கும். பெரிய மால்கள் எஸ்.எம்., அயாலா மாதிரி ஒரு கையளவு குடும்பங்களின் கையில். அதே குடும்பங்களிடம்தான் வங்கியும் அடுக்குமாடிக் கம்பெனியும். சவூதியில் சம்பாதித்த ரியால் பெசோவாகி, அம்மாவின் கைக்கு வந்து, அதே கட்டடத்தில் மளிகையாகவும் பள்ளி ஷூவாகவும் ஃபிளாட் முன்பணமாகவும் அந்தக் குடும்பங்களுக்கே போய்விடும். நாட்டின் பொருளாதாரத்தில் முக்கால் பங்கு வீட்டு நுகர்வு. வாங்குகிற கூட்டம் நிரந்தரமாக இருக்கும்போது மால் கட்டுவதுதான் லாபம். ஏற்றுமதி ஆலை கட்டி வியட்நாமோடு மோதும் தலைவலி அவர்களுக்கு எதற்கு?

கிராமத்துப் பக்கம் இதே பணம் சாரி-சாரி கடையில் சுற்றும். வீட்டு முன்னறையில் கம்பி வலைக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கடை. ஷாம்பு ஒரு பாக்கெட், சிகரெட் ஒன்று, எண்ணெய் ஒரு சின்னப் பையில், எல்லாமே சில்லறையாக. கடன் நோட்டு உண்டு. பணம் வரத் தாமதமானால் மோட்டார் சைக்கிளில் வரும் பஞ்சாபி வட்டிக்காரரிடம் போவார்கள். ஐந்து வாங்கினால் ஆறு திருப்ப வேண்டும், அதனால் அந்த வட்டிக்கே 'ஃபைவ்-சிக்ஸ்' என்று பெயர். இந்தியர் என்றாலே வட்டிக்காரர் என்று அங்கே சிலர் நினைப்பதற்கு இவர்கள்தான் காரணம். என்னிடமே ஒரு லேப் பையன் சிரித்துக்கொண்டே "கூயா (அண்ணா), உங்கள் வட்டி என்ன?" என்று கேட்டிருக்கிறான்.

சேமிப்பு ஏன் தங்குவதில்லை என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர்கள் 'ஊத்தாங் நா லோஓப்' என்று சொல்லும் நன்றிக்கடன். உன்னைப் படிக்க வைத்தவர்கள், நீ விசாவுக்குக் கட்டிய பணத்தைப் புரட்டித் தந்த அத்தை, இவர்களுக்கு நீ கடைசி வரை கடமைப்பட்டவள். தொகையைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் கடன் தீராது. நம் குடும்பங்களிலும் மூத்த பிள்ளைக்கு இந்தப் பாரம் உண்டு, ஆனால் அங்கே மூத்த மகளுக்கு இன்னும் கூடுதல் என்று எனக்குப் படுகிறது. 2023 கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் வேலை செய்யும் சுமார் 21.6 லட்சம் பிலிப்பினோக்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களில் பலர் தாய்மார்கள். பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறாள், அம்மா வீடியோ காலில் வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறாள். இதன் விலையை எந்த ஜி.டி.பி. கணக்கிலும் போட முடியாது.

ஊருக்குச் சாமான் அனுப்பும் பாலிக்பாயான் பெட்டியை உங்கள் நண்பர்கள் அறையில் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு அட்டைப்பெட்டி, மூலையில் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். கப்பல் கார்கோவில் பெட்டியின் அளவுக்குத்தான் கட்டணம், எடைக்கு இல்லை. அதனால் அடைக்கிற கலை ஒன்று வளர்ந்திருக்கிறது. ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் சாக்லேட், இடுக்கில் சோப்பு, டின் இறைச்சி, பேஸ்ட், துண்டுகள். ஒவ்வொன்றிலும் யாருக்கு என்று பெயர் எழுதிய டேப். மூடி சரியாகப் பொருந்த ஒருவர் பெட்டி மேல் உட்கார, இன்னொருவர் டேப் சுற்றுவார். சோப்பும் பேஸ்ட்டும் இலோயிலோவிலும் கிடைக்குமே என்று ஆத்தேயிடம் கேட்டேன். "கிடைக்கும். ஆனால் நான் அனுப்பினது கிடைக்காது" என்றார்.

முழுக்க இருட்டாகவும் வரைய வேண்டாம். கால் சென்டர் மாதிரியான அவுட்சோர்சிங் தொழிலில் இப்போது 17 லட்சம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். அது கொண்டுவரும் டாலர், வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணத்துக்குச் சமமாக வந்துவிட்டது. ராத்திரி ஷிஃப்ட் கொடுமைதான், ஆனால் பிள்ளையை விட்டுப் போக வேண்டாமே. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்போர் 2023-ல் 15.5 சதவீதமாகக் குறைந்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.7 குழந்தை என்று 2017-ல் இருந்தது 2022-ல் 1.9 ஆகிவிட்டது, ஆக அனுப்புவதற்கு ஆட்களும் இதே வேகத்தில் கிடைக்கப்போவதில்லை. அரசு மட்டும் பழைய பாதையில்தான் நிற்கிறது; 2021 டிசம்பரில் புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்று தனி அமைச்சகத்துக்கே சட்டம் போட்டார்கள். தொழிலாளர் பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் யாரும் போக வேண்டிய அவசியமில்லாத நாள் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் அமைச்சகம் திறப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

பார்ட்டி விஷயம் மிச்சம் இருக்கிறது. உண்மைதான், செலவழிப்பார்கள். செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுவிடுவார்கள். ஊரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை டிசம்பர் 24-க்குள் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1975-லிருந்து சட்டமே இருக்கிறது. பிறந்த நாளென்றால் நீள ஆயுளுக்காக நூடுல்ஸ், கூடவே கரோக்கே. ஆனால் கிளினிக்கில் நடந்த பார்ட்டிகளுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவருவார்கள், மொத்தச் செலவு நம் ஆட்கள் வெள்ளிக்கிழமை பிரியாணிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவர்கள் கூப்பிட்டால் போங்கள். ஸ்பாகெட்டியில் வாழைப்பழக் கெச்சப் ஊற்றியிருப்பார்கள், இனிக்கும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.