மகளைப் பிடித்த இரவில் மனு எந்த ஊரில் போட வேண்டும்?

கேள்வி: மகள் பாஸ்டன் பக்கம் எம்.எஸ். படிக்கிறாள். காஸா போரை எதிர்த்து மாணவர்கள் நடத்திய கூட்டங்களுக்குப் போயிருக்கிறாள். ஒருவேளை அமெரிக்கக் குடியேற்றத் துறை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனால் இங்கிருந்து என்ன செய்வது?
- வாசகி, கீழக்கரை

பதில்: அம்மா, அங்கும் ஆட்கொணர்வு மனுதான் வழி. ஃபெடரல், அதாவது அந்நாட்டு மத்திய அரசின், மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். கட்டணம் வெறும் 5 டாலர். வக்கீல் செலவு வேறு கதை. சிக்கல் பணத்தில் இல்லை, இடத்தில். மனு போடும் நேரத்தில் ஆள் எந்த மாவட்டத்தில் காவலில் இருக்கிறாரோ அங்கேதான் போட வேண்டும் என்று 2004-இல் 'பதில்லா' (Padilla) என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ரூமேசா ஓஸ்துர்க் வழக்கைப் பாருங்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. 2025 மார்ச் 25 மாலை, நோன்பு திறக்கப் போகும் வழியில் பிடித்தார்கள். நம் கடிகாரத்தில் அப்போது பின்னிரவு இரண்டே முக்கால். அன்றிரவு பத்து மணி வாக்கில் வக்கீல், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மனு போட்டார். அந்த நேரத்தில் அவரை ஏற்றிய வண்டி வெர்மான்ட் மாநிலத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் லூசியானா மாநிலத்துக்கு விமானம். மனுவைத் தள்ளாமல் வெர்மான்டுக்கு மாற்றினார்கள். மாணவர் இதழில் அவர் சேர்ந்து எழுதிய கட்டுரையைத் தவிர அரசு எதையும் காட்டவில்லை என்று சொல்லி, மே 9-இல் நீதிபதி விடுவித்தார். அந்த இரவே மனு போட்டிருக்காவிட்டால் வழக்கு லூசியானாவில்தான் நடந்திருக்கும்.

ஆகவே இப்போதே மகள் ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்த்து, இவர்தான் என் வக்கீல் என்று அரசுக்குத் தெரிவிக்கும் ஜி-28 படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைக்கட்டும். பாஸ்போர்ட், விசா, ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) நகல்கள் கூடத் தங்கும் தோழியிடமும் உங்களிடமும் இருக்கட்டும். மகளால் கையெழுத்திட முடியாத நிலையில் அவளுக்காகத் தோழியோ நீங்களோ மனுவில் கையெழுத்திடலாம்.

காவலில் இருப்பவரை இணையத்தில் தேடும் வசதி உண்டு. ஏ-எண் (குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்) இருந்தால் அதையும் பிறந்த நாட்டையும் கொடுத்தால் போதும். பெயரை வைத்துத் தேடினால் எழுத்து ஒன்று பிசகினாலும் ஆள் கிடைக்க மாட்டார். நம் ஊர் பாஸ்போர்ட்டில் பலருக்கும் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்படியிருந்தால் அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயரில் 'எஃப்.என்.யு.' (FNU, 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம்) என்று விழும். விசாவில் உள்ளபடியே தேடுங்கள். இடம் மாற்றும்போது பல மணி நேரம் ஒன்றுமே காட்டாமலும் போகும்.

மகளிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். வக்கீல் பார்க்காமல், 'தானாக நாடு திரும்புகிறேன்' என்பது உட்பட எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. 'இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்' என்று அவளே வாய்விட்டுக் கேட்க வேண்டும். சில நாட்டவர் என்றால் கேட்காமலே தெரிவிப்பார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

இன்னொன்று: ஆட்கொணர்வு மனுவில் ஜெயித்தால் காவல்தான் முடியும். நாடு கடத்தும் வழக்கு குடியேற்ற நீதிமன்றத்தில் தனியாக ஓடும். அங்கே அரசு செலவில் வக்கீல் கிடையாது. ஜாமீன் கிடைத்தால் குறைந்தது 1,500 டாலர். நீதிபதியும் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் வேலை பார்ப்பவர்தான். இந்த விவகாரம் முழுவதையும் அங்கேயே பேச வேண்டும், மாவட்ட நீதிமன்றம் தலையிடக் கூடாது என்பதுதான் இத்தகைய வழக்குகளில் அரசின் முதல் வாதம். எல்லா நீதிபதிகளும் அதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

கேள்வி: மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தால் மதுரைக் கிளைக்குப் போகிறோமே, அமெரிக்காவில் பிடிபட்ட பிள்ளைக்கும் போகலாமா?
- வாசகர், பாம்பன்

பதில்: போகலாம், ஆனால் கேட்பதை அளந்து கேளுங்கள். அமெரிக்கக் காவலில் உள்ளவரைக் கொண்டு வந்து நிறுத்த மதுரையால் உத்தரவிட முடியாது. அரசியல் சாசனம் 226-இன் கீழ், தூதரகம் மூலம் உதவி செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிடக் கேட்கலாம். அதற்கு முன் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். 'அரசிடம் கேட்டீர்களா?' என்று நீதிபதி கேட்டால் காட்ட அந்த எண் வேண்டும்.

கேள்வி: விசா ரத்து என்று மகனுக்கு மெயில் வந்திருக்கிறது. உடனே கிளம்ப வேண்டுமா?
- வாசகர், தொண்டி

பதில்: விசா நாட்டுக்குள் நுழைய, தங்கிப் படிப்பதற்கான நிலை வேறு. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் கணினிப் பட்டியல்) பதிவு உயிரோடு இருக்கிறதா என்று இன்றே கேட்கச் சொல்லுங்கள். டிக்கெட் போடுவது வக்கீலைப் பார்த்த பிறகு.