பூனை அலர்ஜி இருக்கிறது, பெர்சியன் குட்டி வாங்கலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன், வயது 28. சின்ன வயதிலிருந்தே பூனை என்றால் எனக்கு உயிர். ஆனால் பூனை இருக்கும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தும்மல் ஆரம்பித்துவிடும், கண் சிவந்து அரிக்கும். அதனால் வளர்த்ததே இல்லை. இப்போது ஒருவர் பெர்சியன் குட்டி தருகிறேன் என்கிறார். "டிரிபிள் கோட் (அடர்ந்த முடி), செமி பஞ்ச் (பாதி சப்பை முகம்), அப்பா அம்மா ரெண்டுக்கும் சர்டிபிகேட் இருக்கு, ஜாதிப் பூனைக்கு அலர்ஜி வராது மேடம், நாட்டுப் பூனைக்குத்தான் வரும்" என்று அடித்துச் சொல்கிறார். அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி, இப்போதைக்கு வேண்டாம். குட்டி நல்ல குட்டியாகவே இருக்கலாம். ஆனால் ஜாதிப் பூனைக்கு அலர்ஜி வராது என்று அவர் சொன்னது உண்மையில்லை, அதை நம்பித்தான் நீங்கள் பணம் கொடுக்கப் போகிறீர்கள்.

நிறைய பேர் பூனை முடிதான் அலர்ஜிக்குக் காரணம் என்று நினைக்கிறார்கள். முடி வெறும் வாகனம். பூனையின் எச்சிலிலும் தோலில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஒரு புரதம் உண்டாகிறது, டாக்டர்கள் அதை ஃபெல் டி 1 என்பார்கள். பூனை அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை கொடுப்பது இதுதான். ஒரு பூனை சாப்பிட்டு முடித்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து உடம்பை நக்குவதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். சொரசொரப்பான நாக்கு பட்ட இடத்தில் முடி ஈரமாகிக் கூர்கூராக ஒட்டிக்கொண்டு நிற்கும், ஃபேன் காற்றில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், அப்புறம் அது எழுந்து உடம்பை ஒரு உதறு உதறினால் வெயில் கீற்றில் பொடிப் பொடியாகப் பறப்பது தெரியும். காய்ந்த எச்சிலும் தோல் செதிலும் சேர்ந்த தூள் அது. அதில் நம் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய துகள்களும் உண்டு, அவை மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். பூனை பக்கத்தில் இல்லாதபோதும் அந்த அறைக்குள் நுழைந்ததும் உங்களுக்குத் தும்மல் வருவது இதனால்தான்.

இந்தப் புரதம் எல்லாப் பூனைக்கும் உண்டு. பெர்சியன், சயாமீஸ், நம் தெருவில் மீன் கூடைக்குப் பின்னால் ஓடும் நாட்டுப் பூனை, ஒன்றுக்கும் விலக்கில்லை. அளவுதான் பூனைக்குப் பூனை மாறும், ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கலாம். பொதுவாகக் கருத்தடை செய்யாத ஆண் பூனைக்கு அதிகம், பெண் பூனைக்கும் கருத்தடை செய்த ஆணுக்கும் குறைவு. சைபீரியன், பாலினீஸ் மாதிரி சில இனங்களுக்குக் குறைவு என்று வெளிநாடுகளில் பேச்சு இருக்கிறது, ஆனால் இந்த இனம் வாங்கினால் அலர்ஜி வராது என்று உறுதி சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. இந்தப் பேச்சை நம்பி உலகம் முழுக்க ஆட்கள் பணம் கட்டியிருக்கிறார்கள். 2006 வாக்கில் அமெரிக்காவிலேயே ஒரு கம்பெனி அலர்ஜி தராத பூனை என்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது, கடைசியில் அது ஏமாற்று என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். அப்புறம், சர்டிபிகேட் என்பது அந்தக் குட்டியின் அப்பா அம்மா யார் என்று சொல்லும் காகிதம், அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் உங்களுக்கு எதனால் அலர்ஜி என்று தெரிந்துகொள்ளுங்கள். புதுச்சேரி மாதிரி கடலோர ஊரில் காற்றில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், பழைய இலவம்பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் டஸ்ட் மைட் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகும். பூனைதான் காரணம் என்று ரொம்ப நாளாக நம்பியவருக்கு டெஸ்ட் செய்தால் மைட் என்று வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஜிப்மர் உங்களுக்குப் பக்கம்தான், நுரையீரல் மருத்துவப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டி அலர்ஜி டெஸ்ட்டுக்குக் கேளுங்கள். முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து லேசாகக் குத்துவார்கள், 15-20 நிமிஷத்தில் கொசு கடித்த மாதிரி எது தடிக்கிறது என்று பார்ப்பார்கள். சிட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டெஸ்ட்டுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ரிசல்ட் சரியாக வராது. ரத்தத்திலும் பார்க்கலாம். ராத்திரியில் இழுப்பு, நெஞ்சில் விசில் சத்தம், மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டுவது இதெல்லாம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா இருப்பவருக்குப் பூனை அலர்ஜியும் இருந்தால் என் பதில் ஒன்றுதான்: குட்டி வேண்டாம். ஆசையை விட மூச்சு முக்கியம்.

டெஸ்ட்டில் லேசாகத்தான் இருக்கிறது, டாக்டரும் பார்க்கலாம் என்கிறார் என்றால் அடுத்த வேலை, விற்கிறவர் வீட்டுக்குப் போய் அந்தப் பூனைகளோடு உட்காருவது. ஒரு நாள் போய் அரை மணி நேரம் குட்டியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் நாலைந்து தடவையாவது போங்கள், அவர்கள் உட்காரும் சோபாவிலேயே உட்காருங்கள், மாத்திரை போட்டுக்கொண்டு போகாதீர்கள், தாய்ப் பூனையின் முதுகில் தேய்த்த கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள் (ஆஸ்துமா இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு மட்டும்). போன அன்றைக்கு ராத்திரி எப்படித் தூங்கினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். இதற்கெல்லாம் சம்மதிக்காமல் "இன்னிக்கே புக் பண்ணுங்க, இல்லேன்னா வேற பார்ட்டி இருக்கு" என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. குட்டிக்குப் பதிலாக வளர்ந்த, கருத்தடை செய்த பெண் பூனை ஒன்றைத் தத்தெடுங்கள். வளர்ந்த பூனை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது இப்போதே தெரிந்துவிடும், குட்டி வளர்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீடு மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் வளர்ந்த பெர்சியனை நல்ல கையில் கொடுக்கத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வது அந்தப் பூனைக்காகவும்தான். மூன்று மாதம் வளர்த்துவிட்டு முடியவில்லை என்று கைமாற்றி விடுகிறார்கள், அது வீடு வீடாக அலைகிறது, சில நேரம் தெருவிலேயே விடப்படுகிறது. பெர்சியனுக்கு அந்த நீள முடியைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாது. தினமும் சீவாவிட்டால் அக்குளிலும் வாலுக்கு அடியிலும் சடை பிடித்துக் கல் மாதிரி இறுகி, நடக்கும்போது தோலையே இழுக்கும். அந்த நிலைமையில் ஒரு பூனையைத் தெருவில் பார்த்தால் மனசு தாங்காது.

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். பையனுக்கு 9 வயது, வீசிங் உண்டு. அவன் அப்பா ஆசையாக ஒரு பெர்சியன் குட்டி வாங்கி வந்துவிட்டார். இப்போது இருமல் அதிகமாகி அடிக்கடி பஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. குழந்தை டாக்டர் பூனையைக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். பையன் அழுகிறான், சாப்பிட மாட்டேன் என்கிறான். முடியை மொத்தமாக மழித்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது அம்மா. புரதம் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது, மழித்த பூனையும் உடம்பை நக்கத்தான் செய்யும். உங்கள் டாக்டர் சொன்னது சரி, தள்ளிப் போடாதீர்கள். குழந்தைக்கு இழுப்பு அடிக்கடி வருவது விளையாட்டு விஷயமில்லை.

பையனிடம் பொய் சொல்லிப் பூனையை இரவோடு இரவாக அனுப்பாதீர்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போய், அது போகும் வீட்டை அவன் கண்ணால் பார்க்கட்டும், அங்கே யார் சோறு வைப்பார்கள், எங்கே தூங்கும் என்று அவனே கேட்கட்டும். சித்தப்பா வீடு, மாமா வீடு என்று சொந்தத்திலேயே யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது, போட்டோ அனுப்பச் சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுக்கு அவன் அடிக்கடி போய் வருவதும் டாக்டரைக் கேட்டுத்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பூனை போன மறுநாளே இருமல் நிற்காது. மெத்தை, சோபா, திரைச்சீலை, சுவர் வரைக்கும் அந்தத் தூள் ஒட்டியிருக்கும், வீட்டில் அளவு நன்றாகக் குறைய நாலு முதல் ஆறு மாதம் கூட ஆகலாம். துணியையெல்லாம் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், தரையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள், பூனை படுத்த மெத்தையை முடிந்தால் மாற்றிவிடுங்கள். இதையெல்லாம் பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் செய்யுங்கள். பூனைதான் போய்விட்டதே என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவே கூடாது. அது டாக்டர் முடிவு.

கேள்வி: அரியாங்குப்பம் வாசகன். ஏற்கனவே பூனை இருக்கிறது, எனக்கு லேசான தும்மல் மட்டும்தான், டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். அடிக்கடி குளிப்பாட்டினால் குறையுமா?

பதில்: குறையும் தம்பி, ஆனால் நிலைக்காது. குளிப்பாட்டிய ஓரிரு நாளில் பழையபடி ஏற ஆரம்பித்துவிடும். வாரம் இரண்டு தடவை குளிப்பாட்டினால்தான் ஏதோ பலன், எந்தப் பூனையும் அதற்கு இசையாது. அதைவிட, படுக்கை அறைக்குள் பூனையை விடாதீர்கள், கதவு எப்போதும் மூடியே இருக்கட்டும். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நாம் அங்கேதான் மூச்சு விடுகிறோம். அந்த அறையில் நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் வைத்தால் கொஞ்சம் உதவும். தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். பூனையைச் சீவுவதும், அது மலம் கழிக்கும் லிட்டர் மண்ணை அள்ளுவதும் வீட்டில் அலர்ஜி இல்லாத ஒருவர் வேலையாக இருக்கட்டும்.

2020இல் பூனைகளுக்கென்று புதுவகை உணவு ஒன்று வந்தது. கோழி முட்டையிலிருந்து எடுத்த ஒரு பொருளை உணவில் சேர்க்கிறார்கள், பூனை மெல்லும்போது அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டி அதன் வீரியத்தைக் குறைக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து சராசரியாக 47 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. தயாரித்த கம்பெனியே நடத்திய ஆய்வு என்பதையும் மனதில் வையுங்கள். பாதிதான் குறைகிறது, பூனைக்குப் பூனை மாறவும் செய்யும். அலர்ஜிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் சிகிச்சையும் உண்டு, மூன்று முதல் ஐந்து வருஷம் பொறுமையாகப் போட வேண்டும்.

கேள்வி: நெல்லித்தோப்பிலிருந்து எழுதுகிறேன். மாமியாருக்கு லேசான அலர்ஜி. டெஸ்ட் எடுத்து, பூனைகளோடு பழகிப் பார்த்து, டாக்டரும் சரி சொல்லிவிட்டார். ஜாதிக் குட்டி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: இந்த வரிசையில் செய்ததற்கு முதலில் சந்தோஷம். தாய்ப் பூனையை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். நாற்பது நாள் குட்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அது தப்பு. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியைக் கடையில் விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. என்னைக் கேட்டால் 12 வாரம் தாயோடு இருந்த குட்டிதான் நல்லது, கடிக்காமல் விளையாடவும் லிட்டர் மண்ணில் மலம் கழிக்கவும் தாயிடமே கற்றுக்கொண்டு வரும்.

முகம் எவ்வளவு சப்பையோ அவ்வளவு விலை என்று பஞ்ச் ஃபேஸ், எக்ஸ்ட்ரீம் பஞ்ச் எனக் கேட்பார்கள். அந்தச் சப்பை மூக்கால் மூச்சு விடுவது அதற்குக் கஷ்டம், கண்ணீர் இறங்க வழியில்லாமல் கண் ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்து ஒட்டும், தினமும் ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். சித்திரை வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். மூக்கு கொஞ்சம் நீண்ட டால் ஃபேஸ் எடுங்கள், நம்ம ஊர் வெக்கைக்கு அதுதான் தாங்கும். பெர்சியன்களுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் நிறைய உண்டு, பி.கே.டி. என்பார்கள். அப்பா அம்மாவுக்கு அந்த டெஸ்ட் எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் முழித்தால் வேறு இடம் பாருங்கள். தடுப்பூசி அட்டையில் தேதியும் டாக்டர் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

வாங்கியதும் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தாறு மாதத்தில் கருத்தடையும் செய்துவிடுங்கள், மாமியாருக்கும் அது நல்லது. நமக்குப் போடும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது, உயிரே போய்விடும்.

கேள்வி: முடியே இல்லாத ஸ்பிங்ஸ் பூனை வாங்கினால் அலர்ஜி வராதுதானே? (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: வரும். முடிதான் இல்லை, எச்சிலும் தோலும் அதற்கும் உண்டு. முடி உறிஞ்ச வேண்டிய எண்ணெய் தோலிலேயே தங்கிப் பிசுபிசுக்கும், வாராவாரம் குளிப்பாட்ட வேண்டும், நம் வெயிலில் வெளியே விட்டால் தோல் கருகும். வாங்கும் முன்னால், மற்ற பூனைக்குச் சொன்ன அதே டெஸ்ட்டை எடுத்துவிட்டு வாருங்கள்.