ஹோண்டுராஸ் விமானப்படையிடம் சொல்லிக்கொள்ளும்படி போர் விமானங்கள் இருந்தனவா?

இருந்தன, அதுவும் வரலாற்றில் இடம் பிடித்தவை. சின்ன நாடுதானே என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்தான்.

1969 ஜூலையில் மத்திய அமெரிக்காவில் பக்கத்து நாடான எல் சால்வடோருடன் நடந்த நான்கு நாள் சண்டையை, 'கால்பந்துப் போர்' என்பார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் ஜெட் காலத்துக்குப் போய்விட்டது, ஆனால் இந்த இரண்டு நாடுகளும் புரொப்பல்லர் சுழலும் பழைய பிஸ்டன் இன்ஜின் விமானங்களோடுதான் மோதின. ஜூலை 17 அன்று, துப்பாக்கி சிக்கிச் சுட முடியாமல் போன சக விமானியை எல் சால்வடோரின் மஸ்டாங் போர் விமானம் ஒன்று துரத்த, ஹோண்டுராஸின் கேப்டன் ஃபெர்னாண்டோ சோட்டோ தன் கோர்சேர் போர் விமானத்தில் திரும்பி வந்து அதைச் சுட்டு வீழ்த்தினார். அன்றே பிற்பகலில் எதிரியின் இரண்டு கோர்சேர்களையும் வீழ்த்தினார், அதாவது கோர்சேரை எதிர்த்துக் கோர்சேர்! பிஸ்டன் போர் விமானங்கள் வானில் நேருக்கு நேர் மோதிய கடைசிச் சண்டை இதுதான் என்கிறார்கள்.

கோர்சேரின் இறக்கை உடம்பிலிருந்து கீழே இறங்கி, மடங்கி, பிறகு மேலே ஏறும். சுமார் 4 மீட்டர் விட்டமுள்ள புரொப்பல்லர் தரையில் இடிக்கக் கூடாது, சக்கரக் கால்களும் குட்டையாக, உறுதியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த வளைவு. சோட்டோவின் விமானத்தில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு.

அப்புறம் இஸ்ரேலிடமிருந்து சூப்பர் மிஸ்டேர், 1980களின் கடைசியில் அமெரிக்காவின் எஃப்-5 என்று ஜெட்கள் வந்தன. சோட்டோ ஓட்டிய 609 எண் கோர்சேர் தலைநகர் தெகுசிகல்பாவின் விமான அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டது.