கை நழுவி இன்ஜினுக்குள் விழுந்தால்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒரே வம்பைப் பற்றியவை: ரிப்பேர் பார்க்கும்போது பைக் இன்ஜினுக்குள் நழுவி விழுந்த சில்லறைச் சாமான்கள். உங்களுக்கும் இப்போதுதான் அப்படி விழுந்திருக்கிறது என்றால், படித்து முடிக்கும்வரை கிக்கரையும் செல்ஃப் பட்டனையும் தொடாதீர்கள். கியரில் போட்டு வண்டியைத் தள்ளவும் வேண்டாம்.

கேள்வி: டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்யும்போது லாக் நட்டு, வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பக்கமாக விழுந்துவிட்டது. இரண்டு முறை 'டிங்' என்று சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. ஹெட்டை (சிலிண்டரின் மேல்பாகம்) கழற்ற வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. டைமிங் செயின் ஓடும் சந்து ஹெட்டிலிருந்து, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் வரை கிணறு மாதிரி இறங்குகிறது. விழுந்த நட்டு ஹெட்டிலேயே ஆயில் தேங்கும் பள்ளத்தில் கிடக்கலாம், செயினை நேராக ஓடவைக்கும் கைடின் மேல்முனையில் தொற்றி நிற்கலாம், அடியில் கிராங்க் பல்சக்கரம் வரையும் போயிருக்கலாம். முதலில் டார்ச் அடித்து மேல் பள்ளங்களைத் துழாவுங்கள். இதைச் செய்யாமல் நேராகக் கிணற்றில் இறங்குகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது, ஏரியல் போல நீளும் காந்தக் குச்சி. உள்ளே விட்டதுமே அது செயினில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவைக் காந்தத்தின் மேல் மாட்டி, நுனி மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். பக்கவாட்டு இழுப்பு குறைந்து குச்சி ஒழுங்காக இறங்கும். நட்டு ஒட்டியதும் லேசாக ஒரு 'டிக்' கைக்குத் தெரியும். அப்போது சந்தோஷத்தில் வெடுக்கென்று உருவாதீர்கள், செயினில் உரசி மறுபடி விழும். செயினை விட்டு விலகி, சுவரோரமாக மெதுவாக ஏற்றுங்கள்.

அதற்கும் சிக்கவில்லையா? ஆயிலை வடித்துவிட்டு, செயின் இருக்கும் பக்கத்துக் கவரைத் திறக்க வேண்டியதுதான். பல சிங்கிள் சிலிண்டர் இன்ஜின்களில் அது மேக்னட் கவர், அதாவது வண்டிக்கு மின்சாரம் தரும் சுழல் காந்தத்தின் மூடி. கவனிக்க வேண்டியது, மேக்னட் ரோட்டரே ஒரு பெரிய காந்தம். காயில் (கம்பிச்சுருள்) கவரோடு சேர்ந்து வந்துவிடும் இன்ஜின்களில் ரோட்டரின் உட்புறம் திறந்து கிடக்கும். விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். அங்கே ஒட்டிய நட்டைக் கவனிக்காமல் மூடி ஸ்டார்ட் செய்தால் காயில் கிழிந்துவிடும். ரோட்டருக்குப் பின்னால் தேட வேண்டுமென்றால் அதற்குரிய புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றுங்கள். சுத்தியல் வேலை அங்கே வேண்டாம்.

கேள்வி: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்திருந்தேன். சின்னச் செப்பு வாஷர் ஒன்று பிளக் துளைக்குள் போய்விட்டது. காந்தத்துக்கு வரவில்லை.

பதில்: வராது. செப்பு, அலுமினியம், பித்தளை எதுவும் வராது. சாதாரண ஸ்டெயின்லெஸ் வகைகள் பலவும் அப்படித்தான். பைக் பிளக் துளைகள் 10, 12, 14 மி.மீ. அளவுகளில்தான் பெரும்பாலும் இருக்கும். போனில் இணைக்கும் 5.5 மி.மீ. கேமராக் குழாய் இவை எல்லாவற்றிலும் நுழையும். முதலில் வாஷர் எங்கே என்று கண்ணால் பாருங்கள். பெரும்பாலும் அது பிஸ்டன் தலையின் நடுவில் உட்கார்ந்திருக்காது, ஓரத்துக்குச் சரிந்திருக்கும். வளையக்கூடிய கம்பியின் முனையைச் சற்று மடக்கி, கெட்டியான கிரீஸ் உருண்டை ஒன்றை அப்பி, வாஷரின் மேல் அழுத்தித் தூக்குங்கள். நாலைந்து முறை வழுக்கும். பொறுமைதான் வேண்டும். மிஞ்சிய கிரீஸைத் துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

காற்றடித்து வெளியேற்றலாமா என்றால், நான் செய்ய மாட்டேன். திறந்திருக்கும் வால்வின் இடுக்கில் வாஷர் போய் உட்கார்ந்தால், அடுத்த சுற்றில் வால்வு வளையும். வாக்குவம் கிளீனரும் வேண்டாம். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி இருக்கும், அந்த மோட்டாரில் பொறி இருக்கும்.

கேள்வி: பிஸ்டன் மாட்டும்போது சர்க்லிப் (பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் வளையம்) தெறித்து, கிராங்க் இருக்கும் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் விழுந்தது.

பதில்: விழுந்ததைப் பார்த்தீர்களா? சர்க்லிப் ஸ்பிரிங் ஸ்டீல், தவளை மாதிரி தாவும். நான் ஒருமுறை கிராங்க்கேஸைப் பிரிக்கும் முடிவுக்கே வந்துவிட்டேன். கடைசியில் அது என் மடித்த சட்டைக் கைக்குள் இருந்தது. அதனால் முதலில் தரை, துணி, சட்டை.

உள்ளேதான் என்றால், காந்தம் இதற்கு நன்றாகவே பிடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க்கைத் தாண்டிக் கீழே போயிருந்தால், ஆயிலை வடித்து அடியிலுள்ள ஜல்லடையையும் கழற்றிப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையிலிருந்து அப்படிக் கீழே போக வழி கிடையாது. காந்தத்துக்குச் சிக்காவிட்டால், இன்ஜினை இறக்கிக் கவிழ்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி அலசுங்கள். கிடைத்த சர்க்லிப்பைத் திரும்பப் போடாதீர்கள், புதிதுதான். அடுத்த முறை கிராங்க்கேஸ் வாயில் துணியை அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெரிய துணியாக, முனை வெளியே தொங்கட்டும். சின்னத் துணியை வைத்து மறந்தால் அது தனிக் கதை.

கேள்வி: சின்ன அலுமினியத் துண்டுதானே, ஓடவிட்டால் ஆயிலோடு வந்துவிடும் என்கிறார் நண்பர்.

பதில்: அவர் வண்டியில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆயிலோடு வரும் முன் அது கியர் பற்களுக்கு நடுவே போகலாம். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் புகுந்தால் செயின் பல் தாண்டி டைமிங் மாறிவிடும். டைமிங் மாறிய இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளலாம்.

கேள்வி: கார்பரேட்டரைக் கழற்றிய இடத்தில் ஒரு ஸ்க்ரூ உள்ளே உருண்டுவிட்டது.

பதில்: இன்டேக் டேப்பெட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆட்டம் இருந்தால் வால்வு மூடியிருக்கிறது, ஸ்க்ரூ அதன் முதுகில்தான் கிடக்கும். காந்தக் குச்சி போதும். ஆட்டம் இல்லையென்றால் வால்வு திறந்திருக்கலாம். சிலிண்டருக்குள்ளும் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஒரு வாஷர் குறைகிறது. உள்ளே விழுந்ததா என்றே தெரியவில்லை.

பதில்: சிலிண்டர் இறக்கைகளின் இடுக்கு, இன்ஜின் கார்டின் மேல், உங்கள் செருப்படி, எல்லாம் பாருங்கள். தரையில் காந்தத்தை இழுத்து வாருங்கள். அப்படியும் கணக்கு நேராகவில்லையென்றால் உள்ளேதான் என்று வைத்துக்கொண்டு திறங்கள். ஆயிலை ஒரு மெல்லிய துணி வழியாக வடிகட்டுங்கள். வாஷர் இல்லாவிட்டாலும் பழைய கேஸ்கெட் துணுக்குகள் எவ்வளவு கிடக்கின்றன என்றாவது தெரியும்.