புதிதாக வாங்கிய ஓப்பினெல் மடக்குக் கத்தியைச் சோதிப்பது எப்படி?

ஓப்பினெல் 8-ஆம் எண் கத்தி திறக்கவே இறுக்கமாக இருக்கிறதே, குறையுள்ளதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குறை இல்லை. வழக்கமான கைப்பிடி பீச் மரம். ஈரக்காற்றில் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்தால் இளகும். அவசரமென்றால் கைப்பிடியின் பின்முனையை மேசையில் தட்டுங்கள், அலகு சற்று வெளியே வரும். 1890 முதல் இந்தக் கத்தி செய்யப்படும் பிரான்சின் சவ்வா பகுதியில் இது பழைய வழக்கம்.

கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது, திறந்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு வளையம். 1955 வாக்கில் சேர்க்கப்பட்ட அமைப்பு அது. அலகை முழுதாகத் திறந்து, வளையத்தைத் திருப்பிப் பூட்டுங்கள். அலகு மடங்கும் பாதையில் விரல் இல்லாதபடி பிடித்து, அலகின் முதுகை மரக்கட்டையில் மெதுவாக அழுத்துங்கள். கொஞ்சம் மடங்கினாலும் மாற்றித் தரக் கேளுங்கள்; இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, போவது விரல். வளையம் பாதி வழியில் நின்றாலும் அப்படித்தான்.

கூர்மை பெரிய விஷயமில்லை, சாணைக்கல்லில் சரிசெய்யலாம். மூடும்போது அலகு சற்று ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் மரத்தில் உரசாத வரை பரவாயில்லை.

அப்புறம், அலகில் 'கார்போன்' (கார்பன் எஃகு) என்று பொறித்திருந்தால் எளிதில் கூராகும், ஆனால் துருப்பிடிக்கும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கியதும் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் தடவுங்கள். 'இனாக்ஸ்' (துருப்பிடிக்காத எஃகு) என்றிருந்தால் அந்தக் கவலை குறைவு.