மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருத்தால் மார்பகப் புற்றுநோய் வருமா?

தோட்ட வேலையை விட்டபின் 58 வயது அம்மா பருத்துவிட்டார், ஐந்து பிள்ளைகளுக்குப் பாலூட்டியவருக்கும் இந்த நோய் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள் சகோதரி.

வரலாம். என் அம்மாவும் நான்கு பிள்ளைகளுக்குப் பாலூட்டியவர்தான், அவருக்கும் வந்தது. பாலூட்டுவது ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது.

பொகவந்தலாவைப் பக்கம் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர் அவர். இடுப்பில் படங்கு, தலையில் கூடைக் கயிறு, நாளெல்லாம் ஏற்றமும் இறக்கமும். 55 வயதில் வேலை நின்றதும் காம்பராவும் இஸ்தோப்புமே அவருடைய உலகம். ரொட்டியும் சீனித் தேத்தண்ணீரும் மட்டும் குறையவில்லை. ஐந்து வருடத்தில் 48 கிலோ 63 ஆனது. உடம்பு தேறிவிட்டது என்று மகிழ்ந்தோம். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

கொழுப்பு உடம்பில் சும்மா கிடப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி விடும் ஹோர்மோன்களைக் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதே அதன்பின் உடம்புக்கு அது கிடைக்கும் முக்கிய வழி. கொழுப்பு கூடக்கூட ஈஸ்ட்ரோஜனும் கூடும். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை அதை உண்டு வளர்பவை. மெலிந்தவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆகவே அம்மாவின் சாப்பாட்டைக் குறைசொல்ல நான் யாரையும் விடுவதில்லை.

ஆசியர்களுக்கு உடல் திணிவுச் சுட்டி (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 150 செ.மீ. உயரமானவருக்கு அது ஏறக்குறைய 52 கிலோ. பயப்படாதீர்கள், இறக்க வேண்டியது மலையளவு இல்லை. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 61,000க்கும் அதிகமான பெண்களைக் கவனித்த ஆய்வில், எடையில் 5 சதவீதமாவது குறைத்தவர்களுக்கு ஆபத்து 12 சதவீதம் குறைவாக இருந்தது. 60 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 3 கிலோ. கோதுமை ரொட்டியில் ஒன்றைக் குறைத்துக் கீரையும் பருப்பும் கூட்டுங்கள். தேத்தண்ணீரில் சீனியை விடச் சொல்லுங்கள். தினம் அரை மணி நேரம் நடக்கட்டும். முழங்கால் வலித்தால் மேடு வேண்டாம், சமதரை போதும்.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. பீலியில் குளிக்கும்போது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி என் அம்மாவின் கையில் தட்டுப்பட்டது. வலிக்கவில்லையே என்று நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்காமல் வரும் கட்டிதான் அதிகம். கண்டியில் சத்திர சிகிச்சை நடந்தது. இன்று நலமாக இருக்கிறார்.

இன்றிரவே உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கட்டி, காம்பில் கசிவு, தோலில் குழி எதுவிருந்தாலும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் பெண்கள் கிளினிக் நாளைக் கேட்டு அழைத்துப் போங்கள். அரசாங்கக் கிளினிக், காசு இல்லை. அவர் கூச்சப்பட்டால் முதலில் நீங்கள் உள்ளே போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். என் சித்தியை நான் அப்படித்தான் சம்மதிக்க வைத்தேன்.